மூச்சு மெஷினைக் காணோம்

பகல் 12.02.

காந்தா சைக்கிளை வேப்ப மரத்தில் சாய்ப்பதற்குள் பக்கத்து வீட்டில் ஒரு எவர்சில்வர் குடம் தரையில் விழுந்து உருண்டது. உருண்ட குடம் நிற்பதற்கு முன்னால் செல்லம்மாவின் குரல் சுவரைத் தாண்டி வந்தது.

"காணோமே. காந்தா, வந்துட்டியா? ஓடி வா, காணோமே."

காந்தா ஓடினாள். கறுப்புக் கோட்டைக் கழற்றக்கூட நேரமில்லை. தாம்பரம் - பீச் மின்சார ரயில்களில் டிக்கெட் பரிசோதிப்பது அவள் வேலை. ஐந்து மணிக்கு எழுந்து போயிருந்தாள். திரும்பி வரும்போது பல்லாவரத்துக்கும் குரோம்பேட்டைக்கும் நடுவில் ஒரு எருமை தண்டவாளத்தில் படுத்துக்கொண்டு ஒன்பது நிமிடத்தை விழுங்கியிருந்தது. 11.31க்குத் தாம்பரம் வர வேண்டிய வண்டி 11.40க்கு வந்தது. பெண்கள் பெட்டியில் நின்றுகொண்டே வந்ததில் கால் இரண்டும் கெஞ்சின. செல்லம்மாவின் குரலைக் கேட்டதும் அந்த வலி போன இடம் தெரியவில்லை.

படுக்கையறையில் தாவீது கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்திருந்தார். தொண்ணூற்றெட்டு கிலோ. மின்சார ரயிலை ஓட்டும் மோட்டார்மேன். அவருக்கு எதிரே மர அலமாரி திறந்து கிடந்தது. அதன் நடுத்தட்டு காலி.

"இன்னாண்ணு சொல்றது காந்தா. மெஷினைக் காணோம்" என்றார். "காயித ரோலையும் காணோம். மூணு மணிக்கு போர்டு."

காந்தாவுக்கு மேலே சொல்லத் தேவையில்லை. தாவீதுக்குத் தூக்கத்தில் தொண்டை மூடிக்கொள்ளும் வியாதி. குறட்டை விட்டுக்கொண்டே இருப்பார், திடீரென்று சத்தமே இருக்காது, மூச்சும் இருக்காது. அரை நிமிடம் கழித்து ஒரு திணறலோடு மூச்சு திரும்பி வரும். இரவெல்லாம் இப்படியே போனால் பகலில் நின்ற இடத்தில் கண் சொக்கும். வருடாந்தரப் பரிசோதனைக்குப் போன இடத்தில் வரிசையில் உட்கார்ந்தபடியே தூங்கித் திணறியதை ரயில்வே டாக்டர் பார்த்துவிட்டார். அன்றே வண்டி ஓட்டுவதிலிருந்து இறக்கிவிட்டார்கள். வைத்தியம் பார்த்துக் குணமானதற்கு அத்தாட்சியோடு இன்று மதியம் மூன்று மணிக்கு டவுனில் மருத்துவக் குழுவின் முன்னால் நிற்க வேண்டும். ஏற்கெனவே ஒரு முறை தேதி தள்ளி வாங்கியாயிற்று. இன்று தவறினால் இனி ஆயுசுக்கும் மேசை வேலைதான்.

"கடைசியா எப்ப பார்த்தீங்க?"

"காலைல. ஒம்பது அம்பதுக்கு நானே பூட்டினேன். சர்ச்சுக்குப் போனோம், போர்டுக்கு முன்னாடி ஒரு ஜெபம் பண்ணிக்கலாம்னு. சர்ச் ஐயரு என் தொண்டைக்காகவே ஒன்றரை மணி நேரம் ஜெபிச்சாரு. பதினொன்னு அம்பத்தஞ்சுக்கு வந்து தொறந்தா, இது."

"வாசக் கதவு?"

"பூட்டினபடி இருந்தது" என்றாள் செல்லம்மா. "சாவி மீட்டர் பெட்டி மேலதான் இருந்தது."

அந்தச் சாவி மீட்டர் பெட்டி மேல் இருப்பது காந்தாவுக்குத் தெரியும். செல்லம்மாவின் தம்பி வேதசிரோமணிக்குத் தெரியும். தாவீதின் வண்டியில் கார்டாக வரும் துரைராஜுக்குத் தெரியும். ஷிப்டு வேலைக்காரர் வீட்டில் அப்படித்தான். வேறு யாருக்கும் தெரிய வழியில்லை. எதிரே காலி மனை, பின்னால் செம்பாக்கம் ஏரி.

"அலமாரி?"

"அதுவும் பூட்டினபடிதான் இருந்திச்சி. சாவி என் இடுப்புல" என்று தாவீது அரைஞாணில் தொங்கிய சாவியைக் காட்டினார். "ஒரே சாவி. கள்ளச்சாவியெல்லாம் போடவே முடியாது. ஏலத்துல போன பழைய ரயில் பெட்டியோட கதவு இது. பம்மல்ல மரத்தோட பூட்டோட வாங்கினேன். இந்தப் பூட்டை ஒடைக்க யானை வேணும்."

பூட்டில் ஒரு கீறல்கூட இல்லை. காந்தா அலமாரிக்குள் தலையை விட்டுப் பார்த்தாள். மேல் தட்டில் விரலில் மாட்டும் கிளிப்பும் அதன் சிறிய அச்சுப் பெட்டியும் அப்படியே இருந்தன. தூங்கும்போது ரத்தத்தில் ஆக்சிஜன் எத்தனை தடவை இறங்குகிறது என்று நீளக் காகிதத்தில் கோடு போட்டுத் தரும் கருவி அது. அதன் பக்கத்தில் ரப்பர் வளையம் போட்ட இரண்டு காகிதச் சுருள்கள். ஒன்றில் 'பந்து' என்று எழுதியிருந்தது. இன்னொன்றில் 'தகடு'. 'மெஷின்' என்ற மூன்றாவது சுருள் இல்லை.

நடுத்தட்டில் ஒரே ஒரு பொருள் கிடந்தது. மெஷினைத் தூசி படாமல் மூடி வைக்கும் பச்சை ரவிக்கைத் துணி. ஒரு முனையிலிருந்து குழல் மாதிரி இறுக்கமாகச் சுருட்டி, மறு முனையை உள்ளே செருகியிருந்தது.

"அக்கா, இது நீங்க சுத்தி வெச்சதா?"

"நான் நாலா மடிப்பேன். இப்படி ஏன் சுத்தப்போறேன்?"

காந்தா துணியைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள்.

பகல் 12.10.

வாசலில் டிவிஎஸ் 50 ஒன்று வந்து நின்றது. வெள்ளைச் சீருடையில் துரைராஜ் இறங்கினார். ஒல்லியான மனிதர். கையில் டிபன் தூக்கு, கக்கத்தில் சுருட்டிய இரண்டு கொடிகள். பதினோரு வருடமாகத் தாவீது வண்டியின் முன்கோடியிலும் இவர் பின்கோடியிலும் நின்று ஓட்டுகிறார்கள். தாவீதின் மகள் கல்யாணத்தில் பந்தி விசாரித்தது இவர்தான்.

"இன்னா மச்சான், ரெடியா? உன்னைக் கையோட இட்டுகினு போலாம்னு வந்தேன்" என்றவர் மூன்று பேர் முகத்தையும் பார்த்து நின்றுவிட்டார்.

தாவீது சொன்னார். துரைராஜ் நெற்றியில் கை வைத்துக்கொண்டார்.

"ஏது நேரத்துலபா? நான் வண்டியிலல்ல இருந்தேன். பதினொன்னு முப்பத்தொன்னுக்கு டாண்ணு தாம்பரத்துல கொண்டாந்து வுட்டேன், கையெழுத்துப் போட்டேன், டீ குடிச்சேன், நேரா இங்கதான் வரேன். தெரிஞ்சிருந்தா காலைலயே லீவு போட்டு இங்க குந்தினு இருந்திருப்பேன்."

காந்தா ஒன்றும் சொல்லவில்லை. டிக்கெட் இல்லாதவனிடம் டிக்கெட் எங்கே என்று அவள் ஒருநாளும் கேட்டதில்லை. எங்கே ஏறினீங்க என்று கேட்பாள், அப்புறம் வாயை மூடிக்கொள்வாள். மீதியை அவனே சொல்லிவிடுவான்.

செல்லம்மா ஜன்னல் பக்கம் போனவள் திரும்பி வந்தாள். கையில் ஒரு சின்ன பிளாஸ்டிக் டப்பா.

"ஜன்னல் கட்டையில வெளிப்பக்கமா இருந்தது. சிரோமணி வந்துட்டுப் போயிருக்கான்."

டப்பாவைத் திறந்தால் உள்ளே இளஞ்சிவப்பில் பல் தகடு. மேல் பல்லிலும் கீழ்ப் பல்லிலும் மாட்டிக்கொண்டால் கீழ்த்தாடையை முன்னால் இழுத்து நிறுத்தும். தொண்டைக்குக் கொஞ்சம் வழி கிடைக்கும். பம்மலில் பல் செட்டு செய்யும் வேதசிரோமணி, அக்கா வீட்டுக்காரருக்காகப் படம் பார்த்துப் பார்த்துச் செய்த தகடு.

தாவீது எழுந்தார். கட்டில் ஒரு அடி நகர்ந்தது.

"பாத்தியா? அவன்தான். மெஷின் வந்த நாள்லேர்ந்து அவனுக்கு வவுறு எரியுது. தகடு வேஸ்ட்டுன்னு போர்டுல சொல்லிடுவாங்கன்னு தூக்கிகினு பூட்டான்."

"என் தம்பியைத் திருடன்றீங்களா?"

"பின்ன மெஷின் காலு மொளச்சி ஏரியில எறங்கிச்சா?"

பகல் 12.20.

வேதசிரோமணி தானாகவே வந்து சேர்ந்தான். மாமா போர்டுக்குப் போகும்முன் வழியனுப்ப வந்தவன், வாசற்படியிலேயே சட்டைக் காலரில் பிடிபட்டான்.

"மாமா, வுடுங்க, பட்டன் தெறிக்குது."

"மெஷினு எங்கடா?"

காந்தா நடுவில் புகுந்தாள். "அண்ணா, கையை எடுங்க. சிரோமணி, எத்தனை மணிக்கு வந்தே?"

"பதினோரு மணி இருக்கும். தகட்டுல ஓரம் குத்துதுன்னு சொன்னாரு, ராவிக் கொண்டாந்தேன். வூடு பூட்டியிருந்தது. ஜன்னல்ல வெச்சிட்டுப் போயிட்டேன்."

"உள்ள போகலையா? சாவி இருக்கிற இடம் தெரியுமில்ல?"

"ஆளு இல்லாத வூட்ல எனக்கு இன்னா வேலை? அக்கா இருந்தா காபியாவது கெடைக்கும்."

"மெஷின் மேல உனக்குக் கோபம்."

"இருக்கு" என்றான் அவன் ஒளிக்காமல். "இவர் தகட்டை ஒழுங்காப் போட்டாரா, கேளுங்க. நடுராத்திரி கழட்டி டம்ளர்ல போட்டுடுவாரு. அப்புறம் தகடு வேலை செய்யலைன்னு தம்பட்டம். அதுக்காக நான் ஏன் மெஷினைத் தூக்கப் போறேன்? அதை எப்படி மாட்டறதுன்னுகூட எனக்குத் தெரியாது."

தாவீது காலரை விட்டார்.

காந்தா படுக்கையறைக்குள் திரும்பிப் போனாள். அலமாரியைச் சாத்தினாள். "அண்ணா, பூட்டுங்க."

தாவீது பூட்டினார். காந்தா தன் கைப்பைக்குள் துழாவி ஒரு சாவியை எடுத்தாள். சதுரத் துளையுள்ள குட்டையான இரும்புச் சாவி. பூட்டில் நுழைத்துத் திருப்பினாள். கதவு சத்தமில்லாமல் திறந்துகொண்டது.

தாவீது தன் அரைஞாண் சாவியைப் பார்த்தார்.

"ரயில் பெட்டிக் கதவுப் பூட்டு. பெட்டிக்குப் பெட்டி சாவி மாறாது" என்றாள் காந்தா. "டிக்கெட் பாக்கிறவங்க, மோட்டார்மேன், கார்டு, எல்லார் கையிலயும் இதே சாவிதான். ரயில்வேல வேலை செய்றவன் வீட்டுக்கு இதைப் போய் திருட்டு பயத்துக்குன்னு மாட்டியிருக்கீங்களே."

"அப்ப ஒன் சாவியும்..."

"ஆமா. நானும் லிஸ்ட்ல இருக்கேன். ஆனா சிரோமணி இல்ல. அவன் சட்டையைத் தடவி விடுங்க."

வேதசிரோமணி பட்டனைத் தேடித் தரையில் குனிந்தான். துரைராஜ் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "அப்படிப் பாத்தா தாம்பரத்துல ஆயிரம் பேர்கிட்ட இந்தச் சாவி கீது."

"இருக்கட்டும்ணே. முதல்ல டாக்டரைப் பாக்கலாம். மெஷின் இல்லாம லெட்டர் தருவாங்களான்னு கேக்கணும். ஒன்று நாற்பது வண்டியைப் பிடிக்கணும்."

"நீங்க போய் வாங்க. நான் ஸ்டேஷனுக்குப் போயி வண்டி எந்தப் பிளாட்பாரம்னு பாத்து வெக்கிறேன்" என்றார் துரைராஜ்.

பகல் 12.48.

கேம்ப் ரோட்டில் டாக்டர் ஜீவரத்தினத்தின் நர்சிங் ஹோம். ஆறு படுக்கை, ஒரு எக்ஸ்ரே. நுரையீரல் மருத்துவம் படித்த டாக்டரம்மா. வெளிநாட்டிலிருந்து வரும்போது நைலான் புடவைக்குப் பதிலாக ஒரு மூச்சு மெஷினைத் தூக்கிக்கொண்டு வந்தவர் என்று சுற்று வட்டாரத்தில் பேர். அதை ஒரு நோயாளிக்கு ஒரு வாரம் என்று இரவல் தருவார்.

"மெஷின் போனா போகட்டும், சுருள் எங்கே?" என்றார் எடுத்த எடுப்பில். "தாவீது, நான் மூணு வாரம் எதுக்கு உங்களை இந்தப் பாடு படுத்தினேன்? ஒவ்வொரு வைத்தியமும் ஒரு வாரம். வாரக் கடைசி ராத்திரி விரல்ல கிளிப் மாட்டிக் கணக்கு எடுக்கணும். ஒப்பிட்டுப் பார்த்து எது உதவுதோ அதை போர்டுக்கு எழுதலாம்னுதானே?"

"ஆமாங்க டாக்டர்."

"எனக்குக் கொஞ்சம் சொல்லுங்க டாக்டர்" என்றாள் காந்தா. "எது எவ்வளவு உதவிச்சு?"

டாக்டர் மருந்துச் சீட்டைத் திருப்பிப் போட்டு வேகமாக எழுதினார்.

"ஒண்ணுமே செய்யாம இருக்கும்போது மணிக்கு ஐம்பத்திரண்டு தடவை மூச்சு அடைபட்டது. முதல் வாரம் பனியன் முதுகுல டென்னிஸ் பந்தைத் தைச்சுப் போட்டுக்கச் சொன்னேன். மல்லாந்து படுத்தா குத்தும், ஒருக்களிச்சுப் படுப்பார். முப்பத்தெட்டு. ரெண்டாவது வாரம் தகடு. இருபத்தொண்ணு. நல்ல வேலைதான், நடு ராத்திரியில கழட்டாம இருந்திருந்தா இன்னும் இறங்கியிருக்கலாம். ஆனா இருபத்தொண்ணை வெச்சுக்கிட்டு ஆயிரம் பேர் உட்கார்ந்திருக்கிற வண்டியை ஓட்டக் கையெழுத்துப் போட மாட்டேன்."

"மெஷின்?"

"மூக்குல முகமூடி. அது வழியா காத்தை அழுத்தி அனுப்பும். அந்த அழுத்தத்துல தொண்டை மூடவே மூடாது. மத்தவங்களுக்கு மூணு, நாலுன்னு இறங்கியிருக்கு. இவருக்கு எவ்வளவுன்னு அந்தச் சுருள்தான் சொல்லணும். அதைப் பார்க்காம நான் எப்படி எழுதறது?"

"மூணாம் நாளே கனா வந்திச்சி டாக்டர்" என்றார் தாவீது தழுதழுத்த குரலில். "பத்து வருஷம் கழிச்சி. மெய்யாலுமே தூங்கினேன்."

"தெரியும். ஆனா மூணு கண்டிஷன். இது இரவல், சொந்தமா ஒண்ணு வாங்கித் தினமும் மாட்டணும். கரன்ட் போனா அது வெறும் டப்பா. ஒரு ராத்திரி விட்டாலும் மறுநாள் பழைய ஆளு."

"வேற வழி?"

"எடை குறைக்கணும், அது எப்பவும் உண்டு, ஆனா மாசக்கணக்காகும். இல்லேன்னா ஆபரேஷன். உள்நாக்கையும் அண்ணத்துல தொங்கற சதையையும் வெட்டி எடுக்கிறது. ஒரு தடவை செஞ்சாப் போதும், ராத்திரி எதையும் மாட்ட வேண்டாம். ஆனா ரெண்டு பேர்ல ஒருத்தருக்குத்தான் பலிக்கும். மூணு மாசம் வண்டியைத் தொட முடியாது. சுருள் கிடைக்கலேன்னா இன்னைக்கு நான் எழுதித் தரக்கூடியது அது ஒண்ணுதான்."

தாவீது தன் தொண்டையைத் தடவிக்கொண்டார்.

டாக்டர் பேனாவை மூடினார். "இதையேதான் போன வாரம் உங்க ஆள் ஒருத்தர் வந்து கேட்டுட்டுப் போனார். சீட்டுகூட போடாம வாசல்ல நின்னு, டாக்டரம்மா, இதுல எது அவன் கையில இல்லாத வைத்தியம்னு கேட்டார். அவன் மறந்தாலும், சோம்பல் பட்டாலும் வேலை செய்யற வைத்தியம் எதுன்னார். ஆபரேஷன்தான்னு சொன்னேன்."

"யார் அது?"

"பேர் கேட்கலை. வார்டுல கூப்பிட்டாங்க, நான் ஓடிட்டேன்."

"சிரோமணியா இருக்கும்" என்றார் தாவீது.

காந்தா எழுந்துவிட்டாள். அவள் கண்ணில் ஒரு பளபளப்பு வந்திருந்தது. கூட்ட நேரத்தில் பெட்டியின் கோடியில் ஒருவன் சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்ளும்போது வருமே, அந்தப் பளபளப்பு.

"டாக்டர், இந்த போனை ஒரு நிமிஷம் எடுத்துக்கலாமா? அண்ணா, போய் ஆட்டோ பிடிங்க. டாக்டர், லெட்டரை எழுதி வையுங்க. நம்பர் போடற இடத்தை மட்டும் காலியா விடுங்க. ஸ்டேஷன்லேர்ந்து போன் பண்றேன், அதுக்கு அப்புறம் கையெழுத்துப் போட்டா போதும்."

"சுருளைப் பார்க்காம போட மாட்டேன்."

"பாக்கத்தான் போறீங்க. யாரையாவது ஸ்கூட்டர்ல ஸ்டேஷனுக்கு அனுப்பி வையுங்க, சுருளைக் குடுத்தனுப்பறேன்."

அவள் எண்களைச் சுழற்றினாள். தாம்பரம் ஸ்டேஷனில் கார்டுகள் வந்து கையெழுத்துப் போடும் அறைக்கு. மறுமுனையில் இருந்தவரிடம் இரண்டே கேள்வி. பதிலைக் கேட்டுவிட்டு ரிசீவரை மெல்ல வைத்தாள்.

பகல் 1.14.

தாம்பரம் ஸ்டேஷன் கார்டு அறையின் சுவரோரம் தகரப் பெட்டிகள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றிலும் வெள்ளைப் பெயின்டில் ஒரு பெயர். விளக்கு, கொடி, தண்டவாளத்தில் வைக்கும் எச்சரிக்கை வெடி, முதலுதவிப் பை என்று கார்டின் சாமான் எல்லாம் அதற்குள். ஸ்டேஷனில் ஆயிரம் பேர் தினமும் தாண்டிப் போகும் பெட்டிகள். யாரும் திறந்து பார்க்க மாட்டார்கள்.

துரைராஜ் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். தாவீதைக் கண்டதும் எழுந்தார். "மூணாவது பிளாட்பாரம் மச்சான். லெட்டர் ஆச்சா?"

"ஆகப்போவுது" என்றாள் காந்தா. "துரைராஜண்ணா, உங்க பெட்டியைக் கொஞ்சம் திறக்கறீங்களா?"

"இன்னாத்துக்கு?"

"மெஷின் அதுக்குள்ளதான் இருக்கு."

தாவீது அவளை விழித்துப் பார்த்தார். பிறகு சிரித்தார். "ஏம்மா, உனக்கு வெயில்ல மண்டை காய்ஞ்சிப் போச்சா? இவன் என் தோஸ்து."

"பதினொன்னு முப்பத்தொன்னுக்கு டாண்ணு வண்டியைக் கொண்டு வந்து விட்டதா சொன்னாரில்ல? அந்த வண்டியில நான் இருந்தேன். பல்லாவரம் தாண்டி ஒரு எருமை. ஒன்பது நிமிஷம். நாங்க வந்து சேர்ந்தது பதினொன்னு நாற்பது." அவள் துரைராஜைப் பார்த்தாள். "ஒரு பாசஞ்சர் மறக்கலாம். நான் மறக்கலாம். ஒரு நிமிஷம் லேட்டானாலும் காரணம் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டியவர் கார்டு. வண்டியில இருந்த கார்டு ஒன்பது நிமிஷத்தை மறக்க மாட்டார்."

துரைராஜ் தன் தகரப் பெட்டியைப் பார்த்தார்.

"இங்க போன் பண்ணிக் கேட்டேன். நீங்க ஒன்பது நாற்பத்தெட்டுக்கே கையெழுத்துப் போட்டுட்டு அந்த டிரிப்பை வேற ஆள்கிட்ட விட்டுட்டீங்க. பத்தரைக்கு மறுபடியும் வந்து பெட்டியைத் திறந்தீங்கன்னும் சொன்னாங்க. நடுவுல செம்பாக்கம் போய் வர நேரம் சரியா இருக்கு."

"இது போதுமா காந்தா?" என்றார் தாவீது கோபமாக. "எனக்கு ஆவாதவங்க எத்தினி பேர் கீறாங்க. இவனைப் போய்..."

காந்தா கைப்பையிலிருந்து பச்சைத் துணியை எடுத்து அவர் கையில் வைத்தாள்.

"செல்லம்மா அக்கா நாலா மடிப்பாங்க. சிரோமணி சுருட்டி எறிஞ்சிருப்பான். நானா இருந்தா அப்படியே போட்டிருப்பேன். இதை எடுத்தவர் அவசரத்துல இருந்தார், ஆனாலும் அவர் கை ஒரு பச்சைத் துணியைப் பார்த்ததும் இருபது வருஷமா செய்யறதையே செஞ்சிருக்கு. முனையிலேர்ந்து இறுக்கிச் சுருட்டி, நுனியை உள்ளே செருகி. துரைராஜண்ணன் கக்கத்தைப் பாருங்க."

தாவீது பார்த்தார். துரைராஜின் கக்கத்தில் சிவப்பும் பச்சையும் இரண்டு கொடிகள். அதே சுருட்டு. அதே செருகல்.

துரைராஜ் இடுப்பிலிருந்து சாவியை எடுத்தார். பெட்டியின் மூடி கிறீச்சிட்டுத் திறந்தது. கை விளக்குக்கும் முதலுதவிப் பைக்கும் நடுவில், பழைய சட்டையால் பத்திரமாகச் சுற்றி, மூச்சு மெஷின். குழாய் வளைத்து வைக்கப்பட்டிருந்தது. முகமூடிக்கு மேல் ரப்பர் வளையம் போட்ட காகிதச் சுருள்.

காந்தா சுருளை எடுத்துப் பெஞ்சில் விரித்தாள். இரவு பத்து மணியிலிருந்து காலை ஐந்து வரை கோடு ஏரித் தண்ணீர் மாதிரி அசையாமல் ஓடியது. அங்கங்கே சின்னச் சின்னப் பள்ளம். விரலை வைத்து எண்ணினாள்.

"மணிக்கு மூணு" என்றாள். அவள் குரல் ஏறியது. "ஐம்பத்திரண்டிலேர்ந்து மூணு. போர்டு பாஸ் அண்ணா. டாக்டர் ஆள் அனுப்பறாங்க, வண்டி வர இன்னும் இருபது நிமிஷம் இருக்கு."

தாவீது அந்தக் காகிதத்தைப் பார்க்கவில்லை. துரைராஜை விட்டு அவர் கண் நகரவில்லை.

"ஏன்டா? உனக்கு நான் இன்னாடா பண்ணேன்?"

"ஒண்ணும் பண்ணல."

"பின்ன? நான் வண்டி ஓட்டக் கூடாதா? உனக்கு வேற மோட்டார்மேன் வேணுமா? கேட்டிருந்தா மாறிக்கினு போயிருப்பேனே. இப்படி முதுகுல..."

"ஒரு வாரம் மாட்டின மச்சான். ரோலு நல்லாத்தான் வந்திருக்கும், தெரியும்" என்றார் துரைராஜ். பார்வை பெட்டியின் மேலேயே இருந்தது. "அந்த ஒரு வாரத்துக் காயிதத்தைக் காட்டி வண்டியை வாங்கிடுவ. அப்புறம்? நடக்கறேன்னு ஷூ வாங்கின, நாலு நாள் நடந்த. தகட்டைக் கழட்டி தம்ளர்ல போட்ட. முகமூடி மூக்கைக் கடிக்குதுன்னு ஒரு நாள் ஆணியில மாட்டுவ. மறுநாள் காலைல நாலு மணி வண்டிக்கு வருவ. பின்னாடி நிக்கறவனுக்கு அது தெரியாது. ஆபரேஷன்னா கழட்டி வெக்க முடியாது. பலிக்கலேன்னாலும் மூணு மாசம் நீ வண்டியில ஏற மாட்ட. எனக்கு மூணு மாசம் தூக்கம் வந்திருக்கும்."

"உனக்கு இன்னாடா தூக்கத்துக்குக் கேடு?" தாவீதின் குரல் உடைந்தது. "நான் தூங்கினா வண்டி தானா நிக்கும். கைப்பிடியிலேர்ந்து கை எடுத்தா பிரேக் தானா விழுது. சின்னப் புள்ளைக்கும் தெரியும். அதுக்குத்தானே அதை வெச்சிருக்கான்."

"கை எடுத்தா நிக்கும். தூக்கத்துலயும் உன் கை அதை வுடல."

வெளியே மூன்றாவது பிளாட்பாரத்துக்கு அறிவிப்பு ஆரம்பித்தது. காந்தா சுருளை மறுபடி சுற்றத் தொடங்கியவள் நிறுத்திவிட்டாள். இது அவள் கணக்கில் வராத இடம்.

"எப்போ?" என்று கேட்டாள்.

துரைராஜ் அவள் பக்கம் திரும்பவில்லை. தாவீதிடம்தான் பேசினார்.

"போன மாசம் பதினாறாம் தேதி. காலைல ரெண்டாவது டிரிப்பு. குரோம்பேட்டைக்கு முன்னாடி சிக்னல் சிவப்பு. ஞாபகம் கீதா?"

"ஏன் இல்லாம? சிவப்பு. முன்னாடி ஒரு வண்டி நின்னுகினு இருந்தது. நானும் நின்னேன். நீ எறங்கி முன்னாடி வரைக்கும் ஓடியாந்து கண்ணாடியைத் தட்டின, எதுக்கு நிக்கறேன்னு கேட்ட. சிக்னல் பாருடான்னு காட்டினேன். திட்டக்கூடத் திட்டினேன்."

"திட்டின."

"அப்புறம் இன்னா? சிவப்பைப் பாத்துட்டு ஒழுங்கா நின்னேனே."

துரைராஜ் தலையை நிமிர்த்தி முதல் தடவையாக அவர் முகத்தை நேராகப் பார்த்தார்.

"நீ நிக்கல, தாவீது. பின்னாடிலேர்ந்து பிரேக்கைப் புடிச்சி இழுத்தது நான்."